வல்லினம் காதில் விழவில்லை

திருப்பாதிரிப்புலியூர், கடலூர்
ஞாயிறு மாலை

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதிக்கொண்டது. நானும் அம்மாவும் நலம். அங்கே மஸ்கட்டில் நீ, மருமகள், பாப்பா எல்லாரும் சுகந்தானே?

போன வாரம் நீ போன் செய்தபோது, "என்னப்பா, டிவியை இவ்வளவு சத்தமா வச்சிருக்கீங்க, தெருவே கேக்கும் போலிருக்கே" என்று கேட்டாய். அரை மணி நேரத்தில் டிவிக்கு முன்னால் வைக்கிற நீள ஸ்பீக்கர், சவுண்ட்பாராம், பதினெட்டாயிரம் ரூபாய், அதன் படம் வாட்ஸ்அப்பில் வந்து நின்றது. ஆர்டர் போட்டாச்சு என்று அம்மாவிடம் சொன்னாயாம். முதல் வேலையாக அதை ரத்து செய். ஏன் என்று போனில் சொல்லிப் பார்த்தேன், பேச்சு எங்கேயோ போய்விட்டது. அதனால்தான் பேனாவை எடுத்தேன். எதிர்வீட்டுப் பையன் இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்புவான்.

நீ சொன்னதில் தப்பில்லை, சத்தம் அதிகந்தான். செய்தி வாசிப்பவர் பேசினால் புரியாது, கூட்டி வைப்போம். அடுத்த நொடி விளம்பரம் வந்து காதைப் பிளக்கும். ரிமோட் என் கையிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. ஒருநாள் டிவி ஓடும்போதே அதன் அடியில் கையை வைத்துப் பார்த்தேன். விரலில் அதிர்வு தெரிந்தது. அதாவது ஸ்பீக்கர் தரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. நாம் எதிரே உட்கார்ந்திருக்க, அது ஷோகேஸ் பலகைக்குக் கதை சொல்கிறது. உன் தாத்தா வீட்டு டயனோரா டிவி ஞாபகம் இருக்கிறதா? மரப்பெட்டி, முன்பக்கமே ஸ்பீக்கர். படம் புள்ளி புள்ளியாக வந்தாலும் வசனம் முற்றம் வரை கேட்கும். இப்போது டிவியைத் தட்டு மாதிரி மெலிதாக்கிவிட்டார்கள், ஸ்பீக்கருக்கு மூச்சு விட இடமில்லை.

முதலில் நான் செய்த முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். லாரன்ஸ் ரோட்டில் ஒரு கடைக்குப் போனேன். ஆளுயர ஹோம் தியேட்டர் ஒன்றைக் காட்டினார்கள். பெட்டி மேல் ஆயிரக்கணக்கில் வாட் போட்டு, பக்கத்தில் பொடி எழுத்தில் பிஎம்பிஓ. "ஆர்எம்எஸ் எவ்வளவுங்க?" என்றேன். கடைக்காரர் மின்விசிறியைப் பார்த்தார். ஒரு கணம் முட்டி மோதிக் கத்தினால் எவ்வளவு என்கிற கணக்குதான் பிஎம்பிஓ. நாள் முழுக்கப் பேச எவ்வளவு என்பது ஆர்எம்எஸ். நம் கூடத்துக்கு இருபது, முப்பது வாட் ஆர்எம்எஸ் தாராளம். சரி, அதை விட்டுவிட்டு 1,400 ரூபாய்க்கு ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கர் வாங்கி வந்தேன். செய்தி வாசிக்கிற பெண் வாயை மூடிய பிறகு கடைசிச் சொல் வருகிறது! தேவனாம்பட்டினத்தில் தூரத்துப் படகில் ஒருவர் ஆணி அடிப்பதைப் பார்த்திருப்பாயே, சுத்தியல் மேலே போன பிறகுதான் 'டக்' வரும். அதே கதைதான். ஒலி ஒரு நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் போகும். ப்ளூடூத்தில் ஐந்தில் ஒரு பங்கு நொடி பிந்தினாலே 68 மீட்டர் தள்ளி உட்கார்ந்து பார்ப்பது போலாகிவிடும். பாட்டுக்கு அது ஒன்றும் செய்யாது, வாயசைவுக்குத்தான் ஆகாது. இப்போது அது அடுப்படியில் இருக்கிறது. அம்மா தோசை ஊற்றும்போது பழைய பாட்டு பாடிக்கொண்டிருக்கிறது.

அப்புறம்தான் பரண் ஞாபகம் வந்தது. நீ காலேஜ் படிக்கும்போது கம்ப்யூட்டருக்கு வாங்கினாயே, ஒரு பெரிய பெட்டியும் இரண்டு குட்டி ஸ்பீக்கரும், அந்த செட். 2011 டிசம்பர் 30, தானே புயலன்று உன் அறையில் தண்ணீர் ஒழுகியபோது அம்மா தன் பழைய பருத்திப் புடவையில் சுற்றி மேலே போட்டாளே, அப்படியே இருந்தது. இடப்பக்க ஸ்பீக்கரின் ஒயரை மட்டும் எலி கடித்திருந்தது. சத்தம் கூட்டும் திருகைத் திருப்பினால் 'கரகர'. கடல் காற்று உள்ளே புகுந்து கெடுக்காத பொருள் இந்த ஊரில் ஏது? மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். உள்ளே கான்டாக்ட் கிளீனர் அடித்து, திருகை இருபது தடவை இப்படியும் அப்படியும் திருப்பினார். கரகரப்பு போய்விட்டது. 80 ரூபாய்.

ஒயரை நானே ஒட்டுப் போட்டேன். அங்கேதான் ஒரு கோளாறு. பாட்டு கேட்டது, ஆனால் பேச்சு எங்கிருந்து வருகிறது என்றே தெரியவில்லை, அறை முழுக்க ஆவி மாதிரி மிதந்தது. பார்த்தால், கோடு போட்ட ஒயரைக் கோடில்லாததோடு முறுக்கியிருக்கிறேன். பிளஸ் மைனஸ் மாறிவிட்டது. ஒரு ஸ்பீக்கர் காற்றை முன்னால் தள்ளும்போது மற்றது பின்னால் இழுக்கும். வசனம் இரண்டிலும் ஒரே அளவாக வருவதால் அதற்குத்தான் அடி அதிகம். மாற்றி முறுக்கினேன், குரல் நடுவில் வந்து உட்கார்ந்தது.

இனி டிவியோடு இணைக்க வேண்டும். நம் டிவியில் இயர்போன் ஓட்டை கிடையாது. இருந்திருந்தால் ஒரு ஒயரோடு வேலை முடிந்திருக்கும். ஆப்டிகல் என்று ஒரு ஓட்டை இருந்தது, ஒளியில் ஒலியை அனுப்புவது. அதைச் சாதாரண ஒலியாக மாற்ற ஒரு தீப்பெட்டி அளவு கன்வெர்ட்டர், கூட ஒரு கேபிள், இரண்டும் சேர்த்து 640 ரூபாய். கேபிள் உள்ளே போகவே மாட்டேன் என்றது. நுனியில் கண்ணாடி மாதிரி ஒரு குட்டி பிளாஸ்டிக் தொப்பி. அதைக் கழற்றவில்லை நான். கழற்றியதும் நுனியில் மிளகாய்ப் பழம் போலச் சிவப்பு வெளிச்சம். அப்படியும் சத்தம் வரவில்லை. டிவி செட்டிங்கில் ஒலியை பிசிஎம் என்கிற சாதாரண முறைக்கு மாற்ற வேண்டுமாம். டால்பி என்கிற சுருக்கிய முறையில் போனால் இந்தக் குட்டிக் கருவிக்குப் புரியாது. மாற்றியதும் பேசியது. ஒரே குறை, இதற்கு டிவி ரிமோட் அடங்காது. கூட்டிக் குறைக்க எழுந்துபோய்த் திருக வேண்டும். உனக்கும் மூட்டு அசையட்டும் என்கிறாள் அம்மா.

குட்டி ஸ்பீக்கர் இரண்டையும் ஷோகேஸில் டிவிக்கு இரு பக்கமும், காது உயரத்துக்கு, பலகை விளிம்பு வரை முன்னால் இழுத்து வைத்தேன். என் நாற்காலியையும் வாசற்படி ஓரத்திலிருந்து பாதித் தூரத்துக்கு நகர்த்தினேன். தூரம் பாதியானால் நேராக வரும் ஒலி 6 டெசிபல் கூடும். இதற்குக் காசு இல்லை.

எல்லாம் செய்தும் முதல் நாள் பேச்சு குடத்துக்குள் தலையை விட்டுப் பேசியது போலவே இருந்தது. பார்த்தால் பேஸ் திருகு, அதாவது 'தம் தம்' என்கிற தடித்த ஒலியைக் கூட்டுவது, கடைசி வரை. நீ விட்டுப்போன இடத்திலேயே நிற்கிறது! அந்தக் காலத்தில் உன் அறைக் கதவு அதிர்ந்தது எனக்கு இன்னும் நெஞ்சில் இருக்கிறது. பேஸை நன்றாகக் குறைத்து, கீச்சு ஒலிக்கான ட்ரெபிளைக் கொஞ்சம் ஏற்றினேன். உடனே சொல் சொல்லாகப் பிரிந்தது. ஆடி மாசம் மாரியம்மன் கோயிலில் கட்டுகிறார்களே கூம்பு ஸ்பீக்கர், அதில் பேஸ் என்பதே கிடையாது. ஆனால் "கூழ் ஊற்றப்படுகிறது" என்று மைக்கில் சொல்வது நாலு தெரு தாண்டித் தெளிவாகக் கேட்கும்.

இதன் காரணம் எனக்கு வேறொரு இடத்தில்தான் விளங்கியது. அதைத்தான் போனில் சொல்ல வரவில்லை. இரண்டு மாதம் முன்பு சீரியலில் டாக்டர் "கட்டியை எடுத்துட்டோம்" என்றார். எனக்குக் "கத்தியை எடுத்துட்டோம்" என்று விழுந்தது. "யாரைக் குத்தினாங்க?" என்று கேட்டேன். அம்மா சிரிக்கவில்லை. மறுநாளே மஞ்சக்குப்பத்தில் காது டாக்டரிடம் கூட்டிப்போனாள். காதில் மாட்டி 'பீப் பீப்' என்று வைத்து ஒரு தாள் கொடுத்தார்கள். அதில் கோடு தடித்த ஒலிகள் இருக்கும் இடப்பக்கம் நேராகப் போய், கீச்சு ஒலிகள் இருக்கும் வலப்பக்கம் கெடிலம் ஆற்றங்கரை மாதிரி சரிந்து இறங்குகிறது. வயதானால் கீச்சென்ற ஒலிகள்தான் முதலில் போகுமாம். சத்தம் கேட்கும், சொல் கேட்காது. முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு வல்லினம் நடத்தினேன். க, ச, ட, த, ப, ற. பெயர்தான் வல்லினம், அதை அடையாளம் காட்டுவது அந்தக் கீச்சு ஒலிதான், காதுக்கு வரும்போது அதுதான் நோஞ்சான். ம, ன என்று மெல்லினமெல்லாம் நன்றாகவே விழுகிறது. உயிரெழுத்தும் விழுகிறது. பேஸைக் கூட்டினால் உயிர் இன்னும் தடிக்கும், வல்லினம் அதில் மூழ்கிப்போகும்.

ஆக, பழுது பாதி டிவியில், பாதி என்னிடம். என் பாதிக்குக் காதில் மெஷின் வைத்துக்கொள்ளலாம் என்கிறார் டாக்டர். அடுத்த மாதம் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார். அம்மா உன்னிடம் சொல்லியிருக்க மாட்டாள், நான்தான் வேண்டாம் என்றேன்.

சவுண்ட்பார் மேல் எனக்குக் கோபமில்லை. ஹெச்டிஎம்ஐ ஏஆர்சி என்று எழுதிய ஓட்டையில் மாட்டினால் ஒரே ரிமோட்டில் எல்லாம் அடங்கும் என்கிறார்கள். உன் வீட்டுக்கு வாங்கு, பாப்பா இழுத்துப் போட ஒயராவது குறையும். இங்கே 720 ரூபாயில் முடிந்தது, அந்த 1,400 என் தண்டக் கணக்கு. டிவி இப்போது பாதிச் சத்தத்தில்தான் ஓடுகிறது.

பெட்டியின் முன்னால் நீ ஒட்டிய மண்டையோட்டு ஸ்டிக்கர் அப்படியே இருக்கிறது. வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று சுரண்டப் போனேன், அம்மா விடவில்லை. ஆர்டரை ரத்து செய்ததும் தகவல் சொல். போனில் வேண்டாம், எழுதி அனுப்பு.

அன்புடன்,
அப்பா