சைக்கிளை பிளேன்ல ஏத்துறது ஒரு வரி சமாச்சாரம் இல்லீங்க

ஆசிரியருக்கு வணக்கம்,

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல லடாக் சைக்கிள் பயணம் பத்தி வந்த கட்டுரை படிச்சேன், நல்லா இருந்துச்சு, போட்டோவெல்லாம் பிரமாதம். ஆனா "சைக்கிளை விமானத்தில் ஏற்றிக்கொண்டு லே போய் இறங்கினோம்"னு ஒரே வரியில தாண்டிட்டாங்க பாருங்க, அங்க எனக்கு சிரிப்பு வந்துருச்சு. அந்த ஒரு வரிக்காக நான் ரெண்டு நாள் லீவு போட்டு, வீட்டுக்காரம்மாகிட்ட வாங்கியும் கட்டிக்கிட்டேன்.

நான் அல்சூர்ல இருக்கேன். ஞாயிறு விடிகாலை நாலரைக்கு கிளம்பி நந்தி மலைக்கு மிதிக்கிற கும்பல்ல நானும் ஒருத்தன். தேவனஹள்ளி ஏர்போர்ட்டும் அதே வழியிலதான், அந்த திருப்பத்தை சைக்கிள்ல எத்தனை தடவை தாண்டியிருப்பேன்னு கணக்கே இல்ல, ஆனா அதே சைக்கிளை வாசலுக்குள்ள கொண்டு போறதுக்குள்ள தாவு தீந்துருச்சு. சைக்கிளை பிரிச்சு அடைச்ச பெட்டி சாதா டாக்ஸியில நுழையல, இன்னோவா பிடிச்சு பின் சீட்டை மடக்கித்தான் கொண்டு போனேன்.

பேக்கிங் ஒண்ணும் பெரிய வித்தை இல்ல. புது சைக்கிள் வந்த அட்டைப்பெட்டியை எங்க ஏரியா சைக்கிள் கடை அண்ணன் சும்மாவே குடுத்தாரு, கூடவே முன் வீலை பிடிச்சிருக்கற ஃபோர்க் நசுங்காம நடுவுல மாட்டுற பிளாஸ்டிக் துண்டையும் டிஸ்க் பிரேக் பேடுக்கு நடுவுல சொருகுற துண்டையும் குப்பையில இருந்து பொறுக்கிக் குடுத்தாரு. அந்த ரெண்டாவது துண்டு இல்லாம வீலை கழட்டி வெச்சு, யாராவது தெரியாம பிரேக்கை அமுக்கிட்டா பேட் ரெண்டும் ஒட்டிக்கும், அப்புறம் நெம்பிக்கிட்டு உக்காந்திருக்கணும். வலது பெடல் பேசாம கழண்டுச்சு. இடதுகிட்ட அரை மணி நேரம் மல்லுக்கட்டினேன், ஸ்பேனர் மேல ஏறியே நின்னேன், ம்ஹூம். அதுக்கு மரை தலைகீழ்ங்க, நான் கழட்டுறதா நினைச்சு இறுக்கிக்கிட்டே இருந்திருக்கேன். எந்தப் பக்கமா இருந்தாலும் ஸ்பேனரை மேல பாத்த மாதிரி நிமித்தி வெச்சு பின் வீல் பக்கமா தள்ளுனா கழண்டுரும், இதை யாராவது முன்னாடியே சொல்லியிருந்தா என் முட்டி தோல் மிஞ்சியிருக்கும். ஃபிரேமுக்கு ஏசி பைப்புக்கு போடுற கருப்பு ஃபோம் குழாய் போதும், நீளவாக்குல கீறி மாட்டிட்டா கச்சிதமா உக்காந்துக்கும்.

எடை 19 கிலோ வந்துச்சு, உள்நாட்டு டிக்கெட்ல நமக்கு 15 தான். போன்ல கேட்டப்ப கூடுதல் கிலோவுக்கு மட்டும் கட்டுங்கன்னாங்க. கவுண்டர்ல போய் நின்னா இது ஸ்போர்ட்ஸ் ஐட்டம், தனி சார்ஜ்னாங்க. திரும்பி வரும்போது லேல அதே கம்பெனி கவுண்டர்ல வெறும் எடையை மட்டும் பாத்து ரசீது போட்டாங்க. எது ரூலுன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்கு புரியல.

இதையாவது விட்டுரலாம், காத்து விஷயம்தான் மனசு ஆறல. டேப்பெல்லாம் சுத்தி முடிச்ச பெட்டியை பாத்து "டயர்ல காத்து இருக்கா சார், எடுத்துருங்க, மேல போனா வெடிச்சிரும்"னு கவுண்டர்ல இருந்த பொண்ணு சொல்லுது. வரிசையில பின்னாடி நிக்கிறவங்க முறைக்க முறைக்க டேப்பை கிழிச்சு ரெண்டு டயரையும் புஸ்ஸுன்னு இறக்கினேன். சாமான் வைக்கிற அடி வயித்துலயும் நாம உக்காந்திருக்கற கேபின் அழுத்தம்தாங்க, அதிகபட்சம் 8,000 அடி உயரத்துல இருக்கற மாதிரி வெச்சிருப்பாங்க. பெங்களூரே 3,000 அடியில இருக்கு, அதனால டயருக்கு ரெண்டு மூணு பிஎஸ்ஐ (காத்தழுத்தத்தை அளக்கற அளவு) வித்தியாசம் வந்தா பெருசு. காத்தே இல்லாத வெட்டவெளியில கொண்டு போய் வெச்சாலும் வித்தியாசம் 15 பிஎஸ்ஐ தாண்டாது, என் டயரோ 60 தாங்கும், போற முன்னாடி 40க்கு இறக்கியும் வெச்சிருந்தேன். இதுல கூத்து என்னன்னா லே ஊரே 11,500 அடி, பிளேன் வயித்துக்குள்ள இருக்கறதை விட லே தெருவுல அழுத்தம் கம்மி! பிளேன்ல வெடிக்கணும்னா லே போய் இறங்கின உடனே வெடிச்சிருக்கணுமே. நாலு நாள் கழிச்சு கர்துங் லா கணவாய் கூட ஏறினேன், அளந்து பாத்தவங்க கணக்குல 5,359 மீட்டர், அதாவது சுமார் 17,580 அடி, அங்க இருந்த பழைய போர்டுல 18,380 அடின்னு கொஞ்சம் தாராளமாவே எழுதியிருந்தாங்க, அங்கயும் டயர் கம்முனுதான் இருந்துச்சு.

ஆனா காத்தடிச்சவன் நான்தானே. லேல இறங்கின மொத நாள் பேசாம படுத்துக் கிடக்கணும், மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும். அந்த நிலைமையில சாண் நீள கைப்பம்பை வெச்சுக்கிட்டு முப்பது தடவை அடிக்கறதும் தரையில உக்காந்து மூச்சு பிடிக்கறதுமா கிடந்தேன். கெஸ்ட் ஹவுஸ்காரர் பயந்து போய் ஆக்ஸிஜன் சிலிண்டர் கொண்டு வரவான்னு கேட்டுட்டாரு.

அடுத்தது கியர் ஹேங்கர். பின் வீல்கிட்ட செயினை கியர் மாத்துற டீரெய்லர் தொங்குற சின்ன அலுமினிய துண்டு அது, ஃபிரேம் ஒடியாம தான் வளையட்டும்னே மெத்துன்னு செஞ்சிருப்பாங்க, ஒவ்வொரு மாடலுக்கும் ஒரு ஷேப், அவசரத்துக்கு எங்கயும் கிடைக்காது. செயின் பக்கம் மேல பாக்கணும்னு பெட்டியில பெருசா எழுதியிருந்தேன், ஃபிராஜைல் ஸ்டிக்கரும் ஒட்டுனாங்க, உடைஞ்சா பொறுப்பில்லைன்னு டேக்ல என்கிட்ட கையெழுத்தும் வாங்கிக்கிட்டாங்க. பெட்டி தலைகீழா வந்துச்சு, ஹேங்கர் உள்பக்கமா வளைஞ்சு கியர் போய் ஸ்போக்குல இடிக்குது. லேல வாடகை சைக்கிள் கடை பையன் ஒருத்தன் கவலையே படல, பழைய பின் வீல் ஒண்ணோட ஆக்ஸிலை அந்த ஹேங்கர் ஓட்டையில திருகினான், மரை ரெண்டுக்கும் ஒரே அளவு, அந்த வீலையே நெம்புகோல் மாதிரி பிடிச்சு கண்ணால ரெண்டு வீலையும் ஒப்பிட்டு மெதுவா நிமித்திட்டான். நூறு ரூபா குடுத்தேன், டீயும் அவனே வாங்கிக் குடுத்தான். ஸ்பேர் ஹேங்கர் ஒண்ணும், டூல்ஸ் எல்லாமும் பெட்டியிலயே போட்டுருங்க, அல்லன் கீயை (ஆறு முனை ஸ்க்ரூ திருகுற எல் வடிவ சாவி) கைப்பையில வெச்சு செக்யூரிட்டியில ஒரு செட் போச்சு எனக்கு. பவர் பேங்க் மட்டும் அதுக்கு நேர்மாறு, கைப்பையிலதான் இருக்கணும். பேட்டரி சைக்கிள் வெச்சிருக்கறவங்க 160 வாட் ஹவர் தாண்டின பேட்டரியை பிளேன்ல கொண்டு போக முடியாது, ஆசையே படாதீங்க.

நான் கேக்கறது இலவசம் ஒண்ணும் இல்லீங்க. சைக்கிளுக்கு எவ்வளவு, காத்து எடுக்கணுமா வேணாமான்னு டிக்கெட் போடும்போதே எழுத்துல சொல்லட்டும், கவுண்டர்ல இருக்கறவங்களுக்கும் அதையே சொல்லிக் குடுக்கட்டும். அமெரிக்காவுல போர்ட்லேண்ட் ஏர்போர்ட்ல சைக்கிளை பிரிச்சு மாட்ட ஸ்டாண்டும் டூல்ஸும் வெச்சு ஒரு மூலையே ஒதுக்கியிருக்காங்க. நம்ம பெங்களூரு ஏர்போர்ட் ரெண்டாவது டெர்மினல்ல மூங்கிலும் தொங்குற செடியுமா அவ்வளவு இடம் இருக்கு, ஒரு ஸ்டாண்டும் ஒரு நல்ல ஃப்ளோர் பம்பும் வெக்க முடியாதா?

பெட்டி இப்ப பீரோ பின்னாடி நிக்குது, டிசம்பர்ல மறுபடியும் கிளம்பணும், இந்த தடவை கவுஹாத்தி. அதுக்குள்ள ஏர்லைன்ஸ்காரங்க யாராவது இதை படிச்சா கவுண்டருக்கு ஒரு வார்த்தை சொல்லி வைங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர், அல்சூர், பெங்களூரு