பாரி பாண்ட்ஸ் ஒலித்தொடர்: பணத்தைத் திருப்பிக் கொடுங்கள், கதையையும் திருத்துங்கள்

அனுப்புநர்:
ஆண்டுச் சந்தா வாடிக்கையாளர்,
கோயம்புத்தூர்.

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர்ப்பு அலுவலர்,
தமிழ் ஒலிக்கதைச் செயலி நிறுவனம்,
சென்னை.

பொருள்: பேஸ்பால் வீரர் பாரி பாண்ட்ஸ் பற்றிய ஆறு பகுதித் தொடரில் உள்ள பிழைகள், பணத்தைத் திரும்பக் கோருதல் தொடர்பாக.

ஐயா / அம்மா,

இதே விஷயத்தை உங்களுக்கு நான்காவது முறையாக எழுதுகிறேன். முதல் மூன்று முறை செயலியின் உதவிப் பெட்டியில் எழுதினேன். மூன்றுக்கும் 'உங்கள் கருத்து எங்களுக்கு மிகவும் முக்கியம்' என்ற ஒரே பதில்தான் வந்தது. மறுநாளே 'புகார் தீர்க்கப்பட்டது' என்று பெட்டி தானாக மூடிக்கொண்டது. எதைத் தீர்த்தீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் இப்போது தாளில் எழுதி விரைவுத் தபாலில் அனுப்புகிறேன்.

முதலில் நான் யார், இதை ஏன் வாங்கினேன் என்று சொல்லிவிடுகிறேன். 2000 முதல் 2008 வரை நானும் கணவரும் கலிஃபோர்னியாவில், சான் ஹோசேயில் வேலை பார்த்தோம். 2004இல் மாமனாரும் மாமியாரும் ஆறு மாதம் எங்களோடு வந்து இருந்தார்கள். மாமா இங்கே மில்லில் ஷிப்ட் சூப்பர்வைசராக இருந்தவர். அங்கே பகல் முழுக்க வீட்டில் தனியாக இருக்கும் மனிதர் டிவியில் எதையாவது பார்த்துத்தானே ஆகவேண்டும்? பாண்ட்ஸ் ஆடிய சான் ஃபிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் அணியின் பேஸ்பால் ஆட்டங்களைப் பார்க்க ஆரம்பித்தார். ஒரே மாதத்தில் பாண்ட்ஸ் எப்போது மட்டையோடு வருவார் என்று கணக்குப் போட்டு, அதற்கேற்ப காபி கேட்கும் அளவுக்கு ஆகிவிட்டார். இப்போது அவருக்கு 84 வயது. கண் பார்வை மங்கிவிட்டது. 'தமிழில் முதன்முறையாக, பாரி பாண்ட்ஸின் முழு உண்மை' என்று உங்கள் விளம்பரத்தைப் பார்த்ததும் ஆண்டுச் சந்தா ரூ. 1,499, இந்தத் தொடருக்கென்று தனியாக ரூ. 299, மொத்தம் ரூ. 1,798 கட்டி, அவர் பிறந்தநாளுக்குப் போட்டுவிட்டேன்.

முதல் பகுதி ஓடி நான்கு நிமிடம்கூட ஆகவில்லை. மாமா கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். "குடம் எப்படிம்மா பந்து எறியும்?" என்றார்.

பின்னால் தள்ளிக் கேட்டேன். 'குடம் தன் வலது கையால் பந்தை வீசியது' என்று குரல் தெளிவாகச் சொல்கிறது. பேஸ்பாலில் பந்து எறிபவருக்குப் பிட்சர் என்று பெயர்; ஆங்கிலத்தில் குடத்துக்கும் அதே சொல்தான். அதை எந்த இயந்திரத்திடம் கொடுத்தீர்களோ, அது குடமாக்கிவிட்டது. அதோடு விட்டதா? ரசிகர்கள் விசிறிகள் ஆகிவிட்டார்கள். 'விசிறிகள் அவரைப் பார்த்துக் கூச்சலிட்டன' என்று வருகிறது. பழைய நட்சத்திர வீரர் வில்லி மேஸ் பாண்ட்ஸின் ஞானத்தந்தை. உங்கள் தொடரில் 'கடவுள் அப்பா'. அடிக்கத் தவறும் பந்துக்கு ஸ்ட்ரைக் என்று பெயர், மூன்று ஆனால் அவுட்; உங்கள் தொடரில் பாண்ட்ஸ் மூன்று வேலைநிறுத்தம் செய்து ஆட்டமிழக்கிறார். ஆனால் 1994இல் வீரர்கள் நிஜமாகவே வேலைநிறுத்தம் செய்து, அந்த ஆண்டு சாம்பியனை முடிவு செய்யும் உலகத் தொடரே ரத்தானது. அந்த இடத்தில் மட்டும் 'வீரர்களின் அடி' என்று போட்டிருக்கிறீர்கள். அடி யாருக்கு விழுந்தது என்று மாமா கேட்டார். பணம் கட்டியவர்களுக்குத்தான் என்றேன்.

இதற்கெல்லாம் சிகரம் மூன்றாம் பகுதி. 'பாண்ட்ஸ் 2004ஆம் ஆண்டில் 232 முறை நடைப்பயிற்சி மேற்கொண்டார்.'

இதைக் கேட்டு நாங்கள் சிரித்தது உண்மை. ஆனால் அந்த 232 என்ற எண்ணுக்குப் பின்னால் இருப்பது அவருடைய முழுக் கதை. பிட்சர் நான்கு பந்தை உரிய எல்லைக்கு வெளியே போட்டுவிட்டால், அடிப்பவர் ஓடிச் சேரவேண்டிய நிலைகளில் முதலாவதான முதல் பேஸுக்குச் சும்மா நடந்து போகலாம். அதற்குப் பெயர்தான் வாக். அந்த ஆண்டு பாண்ட்ஸ் 617 முறை மட்டையோடு வந்து நின்றார். அதில் 232 முறை வாக். 120 முறை வேண்டுமென்றே கொடுத்தது. அதாவது, இவருக்குப் பந்து போட்டால் ஆபத்து, போகட்டும் விடு என்று எதிரணியே முடிவு செய்துவிட்டது. 40 வயது ஆளுக்கு! மிச்சமிருந்த வாய்ப்பிலும் 45 ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்சர் மாதிரி, பந்தை எல்லைக்கு வெளியே தூக்கி அடிப்பது) அடித்தார்.

அந்தக் கோடையில் மாமாவை ஒருநாள் மைதானத்துக்கே கூட்டிப்போனோம். வலப்பக்கம் சுவர், சுவரைத் தாண்டினால் கடல். நேராகத் தண்ணீரில் விழும் பந்துக்காகச் சின்னப் படகுகளில் ஆட்கள் காத்துக்கிடந்தார்கள். எதிரணி வேண்டுமென்று வாக் கொடுக்கும் ஒவ்வொரு முறையும் ரசிகர்கள் அந்தச் சுவரில் ஒரு ரப்பர் கோழியைத் தொங்கவிடுவார்கள். அந்த ஊரில் கோழி என்றால் பயந்தாங்கொள்ளி. அன்றைக்கு இரண்டு கோழி தொங்கியது. "காசு குடுத்து வந்திருக்கோம், பந்தைப் போடச் சொல்லு" என்று மாமா தமிழிலேயே கத்தினார். பக்கத்திலிருந்த பெரியவர் என்ன புரிந்துகொண்டாரோ, மாமாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

உங்கள் தொடரில் இந்த ரசிகர்கள் இல்லவே இல்லை. ஐந்தாம் பகுதிக்கு 'ரசிகர்களின் எதிரி' என்று தலைப்பு. யாருடைய எதிரி? சான் ஃபிரான்சிஸ்கோவில் அவர் எழுந்து நடந்து வந்தாலே 40,000 பேர் எழுந்து நிற்பார்கள். லாஸ் ஏஞ்சலஸ் போனால் அதே ஆளை மைதானம் முழுக்க ஒரே குரலில் ஏசும். 2006 ஏப்ரலில், சான் டியேகோவில் சீசனின் முதல் ஆட்டத்தில், அவர்மேல் இருந்த ஊக்கமருந்துச் சந்தேகத்தைக் குத்திக்காட்ட, கூட்டத்திலிருந்து ஒருவர் அவர் பக்கம் ஊசிக்குழலை எறிந்தார். அவரே அதைக் குனிந்து எடுத்து வெளியே போட்டுவிட்டு ஆடினார். ஒரே நாட்டில், ஒரே வாரத்தில் இரண்டும் நடக்கும். அதை விட்டுவிட்டு எதிரி என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டால் கேட்பவருக்கு என்ன புரியும்?

அடுத்தது பத்திரிகைக்காரர்கள். உடை மாற்றும் அறையில் அவருக்கு மட்டும் சாய்வு நாற்காலி, தனி டிவி என்று இருபது நிமிடம் சொல்கிறீர்கள். நாற்காலி இருந்தது உண்மைதான். நிருபர்களைக் காக்க வைத்ததும், எரிந்து விழுந்ததும் உண்மைதான். நான் அங்கே இருந்த காலத்தில் அவர் சிரித்துப் பேசிய பேட்டியை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆனால் அவருடைய அப்பா பாபி பாண்ட்ஸைப் பற்றி ஒரு வரிதான் இருக்கிறது. அதே ஜயன்ட்ஸ் அணியில் நட்சத்திரமாக இருந்தவரை 1974இல் நியூயார்க்குக்கு மாற்றிவிட்டார்கள். அதற்கப்புறம் ஊர் ஊராக ஏழு அணி மாறினார். அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு இந்த ஆட்டத்தை நடத்துபவர்கள் மேலும், எழுதுபவர்கள் மேலும் என்ன நம்பிக்கை வரும்? நான் நியாயப்படுத்தவில்லை. முழு உண்மை என்று விளம்பரம் செய்தது நீங்கள்.

1998ஐயும் விட்டுவிட்டீர்கள். அந்தக் கோடையில் மார்க் மெக்வயர் 70, சாமி சோசா 66 என்று இரண்டு பேரும் ஹோம் ரன் மழை பொழிய, வேலைநிறுத்தத்தால் வெறுத்துப்போயிருந்த ரசிகர்கள் மைதானத்துக்குத் திரும்பினார்கள். அதே ஆகஸ்டில் பாண்ட்ஸ் 400 ஹோம் ரன், 400 பேஸ் திருட்டு (எதிரணி அசந்த நேரத்தில் அடுத்த பேஸுக்கு ஓடிவிடுவது) இரண்டையும் எட்டிய முதல் ஆள் ஆனார். யாரும் பெரிதாகத் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்று வருஷம் கழித்து இவர் ஒரே சீசனில் 73 ஹோம் ரன் அடித்தார். நடுவில் என்ன நடந்தது என்பதுதானே எல்லோருடைய கேள்வியும்?

அவரை உத்தமர் என்று சொல்ல வரவில்லை. மாமாகூட அப்படிச் சொல்லமாட்டார். விளையாட்டு வீரர்களுக்கு ஊக்கமருந்து கொடுத்த பால்கோ ஆய்வக விவகாரத்தில் 2003 டிசம்பரில் விசாரணை ஜூரி முன்னால், பயிற்சியாளர் கொடுத்தது ஆளிவிதை எண்ணெய், மூட்டுவலிக் களிம்பு என்று நினைத்துத்தான் பயன்படுத்தினேன் என்று பாண்ட்ஸ் சொன்னார். அதை நம்பியவர்கள் குறைவு. நானும் நம்பவில்லை. ஆனால் 'ஊக்கமருந்துக் குற்றத்துக்காகப் பாண்ட்ஸ் சிறை சென்றார்' என்று நீங்கள் சொல்வது முழுப் பொய். அவர்மேல் வந்த வழக்கு பொய்ச்சாட்சியம் சொன்னார், நீதிக்கு இடையூறு செய்தார் என்பது. 2011இல் பொய்ச்சாட்சியக் குற்றச்சாட்டுகளில் ஜூரிக்குள் ஒருமித்த முடிவு வரவில்லை. இடையூறு என்ற ஒன்றில் மட்டும் குற்றவாளி என்றார்கள். பயிற்சியாளர் ஊசி ஏதும் கொடுத்தாரா என்ற கேள்விக்கு நேராகப் பதில் சொல்லாமல், பிரபலமான அப்பாவுக்குப் பிள்ளையாக வளர்ந்ததைப் பற்றி வளவளவென்று பேசினாராம். அதுதான் குற்றம். தண்டனை 30 நாள் வீட்டுக்காவலும் நன்னடத்தைக் கண்காணிப்பும். 2015இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதையும் ரத்து செய்துவிட்டது.

ஆறாம் பகுதியிலும் இதே கதைதான். 2007 ஆகஸ்ட் 7 அன்று, வாஷிங்டன் அணியின் மைக் பாக்சிக் போட்ட பந்தில் 756ஆவது ஹோம் ரனை அடித்து, ஹாங்க் ஏரனின் வாழ்நாள் சாதனையான 755ஐத் தாண்டினார். 'ஏரன் வாழ்த்தவும் மறுத்துவிட்டார்' என்கிறீர்கள். அன்று நானும் கணவரும் மைதானத்தில் இருந்தோம். ஏரன் நேரில் வரவில்லை, சரி. ஆனால் ஆட்டம் அப்படியே நிற்க, பெரிய திரையில் ஏரனின் முகம் வந்தது. முன்கூட்டியே பதிவு செய்து கொடுத்திருந்த வாழ்த்து அது. எங்களுக்கு முன்வரிசையில் இருந்தவர் அழுதுகொண்டிருந்தார். வாழ்த்தத் தயங்கியவர் என்று சொல்லவேண்டுமானால் அப்போது பேஸ்பால் நிர்வாகத் தலைவராக இருந்த கமிஷனர் பட் சீலிக் இருக்கிறார். மூன்று நாள் முன்பு சான் டியேகோவில் 755ஆவதை அடித்தபோது அவர் பாக்கெட்டில் கையை விட்டுக்கொண்டு நின்ற காட்சியை நாடே டிவியில் பார்த்தது.

அந்த 756ஆவது பந்தில் 'பேஸ்பால் நிர்வாகம் தண்டனையாக நட்சத்திரக் குறி இட்டது' என்கிறீர்கள். சாதனை சந்தேகத்துக்குரியது என்று காட்டும் குறி அது. நிர்வாகம் எதுவும் செய்யவில்லை. மார்க் எக்கோ என்ற ஆடை வடிவமைப்புத் தொழிலதிபர் அதை ஏலத்தில் 7,52,467 டாலருக்கு வாங்கி, பந்தை என்ன செய்யலாம் என்று இணையத்தில் ஓட்டெடுப்பு வைத்தார். அப்படியே கூப்பர்ஸ்டவுனில் உள்ள பேஸ்பால் அருங்காட்சியகத்துக்குக் கொடுப்பதா, நட்சத்திரக் குறி போட்டுக் கொடுப்பதா, ராக்கெட்டில் வைத்து விண்வெளிக்கு அனுப்புவதா என்று மூன்று வாய்ப்பு. ஒரு கோடி ஓட்டு விழுந்தது. குறி போடு என்றவர்கள் 47 சதவீதம். பொதுமக்கள் அமர்ந்த இடத்திலிருந்து குத்திய முத்திரை அது. கதையிலேயே உறைப்பான இடத்தை ஒரு அலுவலக உத்தரவு மாதிரி ஆக்கிவிட்டீர்கள்.

கடைசியாக, பேஸ்பாலின் தலைசிறந்தவர்களுக்குக் கிடைக்கும் ஹால் ஆஃப் ஃபேம் கௌரவத்துக்கு அவர் 'தகுதி பெறவில்லை' என்று ஒரு வரியில் முடிக்கிறீர்கள். அந்த ஓட்டு யார் கையில் இருந்தது என்று சொல்லவேண்டாமா? பேஸ்பால் எழுத்தாளர் சங்கத்தின் மூத்த உறுப்பினர்கள் கையில். யாரை உடை மாற்றும் அறையில் காக்க வைத்தாரோ அவர்களுடைய தொழில்காரர்கள். 75 சதவீதம் வேண்டும். 2013இல் 36.2 சதவீதம் கிடைத்தது. பத்தாவதும் கடைசியுமான 2022இல் 66. ஊக்கமருந்துக்காகப் போடாதவர்கள்தான் அதிகம் என்பது என் எண்ணம், பழைய கோபமும் கொஞ்சம் சேர்ந்திருக்கலாம். அதைக் கேட்பவர்கள் முடிவு செய்துகொள்ளட்டும். முதலில் விஷயத்தைச் சொல்லுங்கள்.

ஒன்றை மட்டும் பாராட்டவேண்டும். 73ஆவது பந்து யாருக்குச் சொந்தம் என்று இரண்டு ரசிகர்கள் நீதிமன்றம் போனதையும், விற்றுப் பாதிப் பாதி எடுத்துக்கொள்ளுங்கள் என்று நீதிபதி சொன்னதையும் இரண்டாம் பகுதியில் ஒழுங்காகச் சொல்லியிருக்கிறீர்கள். அந்தப் பத்து நிமிடத்தை எழுதியவர் மனிதர் என்று தெரிகிறது. மிச்சத்தையும் அவரிடமே கொடுங்கள்.

ரூ. 1,798ஐ முழுதாகத் திருப்பித் தரவேண்டும். தொடரை எடுத்துவிடுங்கள் என்று கேட்கவில்லை; பேஸ்பால் தெரிந்த ஒருவரையும் தமிழ் தெரிந்த ஒருவரையும் உட்காரவைத்துத் திருத்தி வெளியிடுங்கள். அதுவரை 'முழு உண்மை' என்ற விளம்பரத்தை நிறுத்துங்கள். கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்வேன். அப்புறம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவேன்.

ரசீது நகல், மூடப்பட்ட மூன்று புகார்களின் பிரதி, பிழைகள் வரும் நிமிடக் கணக்கு ஆகியவற்றை இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
ஆண்டுச் சந்தா வாடிக்கையாளர்

பின்குறிப்பு: திருத்தும்போது முதல் பகுதியின் பழைய பிரதி ஒன்றை எங்களுக்கு விட்டுவைக்க முடியுமா என்று மாமா கேட்கிறார். குடம் பந்து எறியும் இடத்தைப் பழைய மில் நண்பர்களுக்குப் போட்டுக்காட்ட வேண்டுமாம்.