டர்போ காடி வாங்கலாமா என்று கேட்டாயே

சுங்கை சிப்புட், பேராக்
தீபாவளிக்கு அடுத்த ஞாயிறு, 2025

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் தீபாவளிக்கு முதல் நாளே வந்துவிட்டது. முறுக்கு சுட்டுக்கொண்டிருந்த கையோடு உன் தங்கச்சிதான் பிரித்துப் படித்தாள். "கிள்ளான் அண்ணன் காடியைப் பற்றித்தான் ஒரு பக்கம் எழுதியிருக்கிறார், நம்மை நலம் விசாரிக்க ஒரு வரிதான் மிச்சம்" என்று சொல்லி என் முன்னால் போட்டாள். அவள் விரல் பட்ட எண்ணெய்க்கறை கடிதத்தின் ஓரத்தில் இன்னும் இருக்கிறது.

இங்கே எல்லாரும் நலம். சாயங்காலம் நாலு மணி ஆனால் மழை. போன வாரம் தோட்டத்துப் பக்கம் போயிருந்தேன். நம் லயம் இருந்த இடம் எதுவென்று கண்டுபிடிக்கக் கால் மணி நேரம் ஆனது. கோயிலை வைத்துத்தான் கணக்குப் போட்டேன். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது நமக்குத் தெரியும். இப்போது அந்தச் செம்பனையையும் சாய்த்துவிட்டுப் புதுக்கன்று நட்டிருக்கிறார்கள். இடுப்பு உயரம்கூட இல்லை. அதனால் நாம் வேலை பார்த்த செம்பனை எண்ணெய் ஆலையின் புகைபோக்கி நம் வீட்டு வாசல் இருந்த இடத்திலிருந்தே தெரிகிறது. சின்ன வயதில் அப்படித் தெரிந்ததே இல்லை.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். உன் மகள் அத்திவா என்ற டர்போ கார் வாங்க ஆசைப்படுகிறாள். உனக்கு டர்போ என்ற சொல்லைக் கேட்டாலே வயிற்றைக் கலக்குகிறது. அதற்குக் காரணம் உன் அண்ணன் மகனின் கஞ்சில் என்ற சின்னக் காடிதான் என்று எனக்குத் தெரியாதா? ஜப்பானிலிருந்து வந்த பழைய 660 சிசி டர்போ என்ஜினை வாங்கி அதில் மாட்டினான். பசார் ரோட்டில் விசில் அடித்துக்கொண்டு போவான். அடுத்த மாதம் அதே காடி ஒர்க்ஷாப் முதலாளி தவுக்கே கடையில் மரக்கட்டைமேல் நிற்கும். அது மாட்டிய கையின் கோளாறு. பிறக்கும்போதே டர்போவோடு பிறந்த காடியை அதோடு சேர்த்துப் பார்க்காதே.

ஆலையில் நாம் பாய்லரில் என்ன போட்டு எரித்தோம், ஞாபகம் இருக்கிறதா? பழத்தைப் பிழிந்த பிறகு மிஞ்சும் நாரும் ஓடும். காசு கொடுத்து விறகு வாங்கியதே இல்லை. அந்த நீராவி டர்பைனைச் சுற்றி, ஆலைக்கு வேண்டிய கரண்டைக் கொடுத்தது. டர்போவும் அந்த ஜாதிதான். என்ஜின் வெளியே தள்ளும் சூட்டுப்புகை சும்மா போவதற்குப் பதிலாக ஒரு சின்னச் சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் போகிறது. அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு சக்கரம். அது வெளிக்காற்றை இழுத்து அமுக்கி என்ஜினுக்குள் திணிக்கிறது. காற்று கூடினால் அதற்கேற்ற பெட்ரோல், அதற்கேற்ற பலம். ஆல்பிரெட் பூக்கி என்ற சுவிட்சர்லாந்துப் பொறியாளர் இதற்கு 1905இலேயே காப்புரிமை வாங்கிவிட்டார். ஆக, இது நம் தாத்தாக்கள் கப்பலேறிய காலத்துச் சரக்கு. புதுசு என்று நீ மிரள வேண்டாம். வித்தியாசம் என்னவென்றால், ஆலை டர்பைன் ஒரு அறையையே அடைத்துக்கொண்டு நிற்கும், இது உள்ளங்கையில் அடங்கும். சின்ன டர்போ நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்றுவரை சுற்றும்.

இப்போது எண் கணக்கு. டர்போ இல்லாத 1.5 லிட்டர் மைவி காடி கொடுக்கும் இழுவை 137 நியூட்டன் மீட்டர், அதுவும் என்ஜின் நிமிடத்துக்கு 4,200 சுற்றுக்கு ஏறினால்தான். 2021 மார்ச்சில் வந்த அத்திவாவின் என்ஜின் 998 சிசி, மூன்றே சிலிண்டர். அதன் இழுவை 140, ஆனால் 2,400 சுற்றிலேயே முழுசாக வந்துவிடுகிறது. விளம்பரத்தில் குதிரைத்திறனைப் பெரிய எழுத்தில் போடுவார்கள். தினசரி ஓட்டுகிறவனுக்கு அது எத்தனாவது சுற்றில் கிடைக்கிறது என்பதுதான் விஷயம். தாசில்தார் சம்பளம் பெரிது என்பதைவிட மாதத்தில் எந்தத் தேதியில் கைக்கு வருகிறது என்பது முக்கியம் இல்லையா, அந்த மாதிரி. சாலை வரி நம் நாட்டில் சிசியைப் பார்த்துப் போடுவது. அது டர்போவைக் கண்டுகொள்வதில்லை. 1.5 லிட்டருக்கு வருடம் 90 வெள்ளி (ரிங்கிட்). 1,000 சிசிக்குள் இருந்தால் 20 வெள்ளி. என் காடி 1,200 சிசிக்குள் என்பதால் 55. மைவியைவிட அத்திவாவுக்கு வருடத்துக்கு 70 வெள்ளி மிச்சம் என்று காடியை மாற்ற முடியாதுதான், ஆனாலும் எனக்கு அதில் ஒரு சின்னத் திருப்தி.

என் காடி எது என்று கேட்டிருந்தாய். கைமாறி வந்த சின்ன ஐரோப்பிய டர்போ காடி, ஐந்து கதவு. கம்பெனியின் பெயரைக் கடிதத்தில் எழுத மாட்டேன். நல்லதும் கெட்டதும் சொல்லப்போகிறேன், அது பெயர் இல்லாமலே இருக்கட்டும். நாலு வருடமாக ஓட்டுகிறேன்.

முதல் மாதம் எனக்கும் அதற்கும் ஒத்துப்போகவில்லை. கோலகங்சாருக்குப் பழைய சாலையில் போகிறேன். முன்னால் செம்பனைக் குலை ஏற்றிய லோரி. குலையிலிருந்து பழம் உதிர்ந்து ரோட்டில் உருண்டு வருகிறது. எதிரே ரோடு காலி. பழைய புரோட்டோன் காடிப் பழக்கத்தில் கடைசி நிமிடம்வரை மெதுவாக ஒட்டிக்கொண்டே போய், சட்டென்று வெளியே எடுத்து மிதியை மிதித்தேன். ஒன்றுமே நடக்கவில்லை. ஒரு மூச்சு விடும் நேரம் காடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு, யாரோ பின்னாலிருந்து முதுகில் கைவைத்துத் தள்ளின மாதிரி பாய்ந்தது. அந்த ஒரு மூச்சு நேரத்தில் எதிர் வளைவில் ஒரு மோட்டார்சைக்கிள் முளைத்துவிட்டது. தப்பித்தேன். உன் தங்கச்சி அன்றைக்கு என்னிடம் பேசவில்லை.

இதைத்தான் டர்போ லேக் என்கிறார்கள். புகை போதுமான வேகத்தில் வந்தால்தான் சக்கரம் சுற்றும். சக்கரம் சுற்றினால்தான் காற்று. பாய்லரில் அழுத்தம் ஏறாமல் வால்வைத் திறந்தால் டர்பைன் சுற்றுமா? முப்பது வருடம் பாய்லர் பார்த்தவனுக்கு இது உறைக்க ஒரு மோட்டார்சைக்கிள்காரன் உயிர் ஊசலாட வேண்டியிருந்தது. இப்போது லோரிக்கு நாலு காடி நீளம் பின்னாலேயே நிற்பேன். வெளியே வருமுன் மிதியைக் கால்வாசி அழுத்தி, இழுவை வருவது காலில் தெரிந்த பிறகுதான் வெளியே எடுப்பேன். அப்படி எடுத்தால் என்ஜின் கத்தாமலே லோரியைக் கடந்துவிடுகிறது. பழைய காடியில் சமையலறை மிக்ஸி போலச் சத்தம் போட்டு, பெட்ரோல் குடித்து, இதில் பாதி வேகம்தான் வரும்.

கேமரன் மலைக்கு நீ ஒருமுறை என்னோடு வர வேண்டும். சிம்பாங் பூலாய் வழியாகத்தான் போவேன். மேலே போகப் போகக் காற்று மெலிந்துவிடும். தானா ராத்தா 1,400 மீட்டருக்கு மேல். அங்கே சாதாரண என்ஜின் தன் பலத்தில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கை இழந்துவிடும். நம் பழைய காடியில் ஏர்கண்டிஷனை அணைத்துவிட்டு, பிள்ளைகளிடம் "முன்னால் சாய்ந்து உட்காருங்கள்" என்று சொல்லி ஏறியது மறந்துபோச்சா? டர்போவுக்கு அந்தக் குறை அவ்வளவாகத் தெரிவதில்லை. மெலிந்த காற்றைத்தான் அது அமுக்கிக் கொடுத்துவிடுகிறதே. மேலே ஏறும்போது குளிர்ந்த காற்று வேறு. சுமை ஏற்றிய லோரிகள் முனகிக்கொண்டு போக, இது பேசாமல் ஏறும். விடியற்காலையில், தோட்டத்தில் பனி இறங்கியிருக்கும்போது ஓட்டினாலும் அப்படித்தான். வாலிபம் திரும்பின மாதிரி இருக்கும். மத்தியான வெயிலில் ஈப்போ நெரிசலில் நின்றுவிட்டு எடுத்தால் அதே காடி சோம்பேறி. குளிர்ந்த காற்று கனமானது, சூட்டுக்காற்று இலேசானது, அவ்வளவுதான் காரணம்.

இறக்கத்தில் மட்டும் கவனம். சின்ன என்ஜின், பிடித்து நிறுத்தும் சக்தி குறைவு. தாழ்ந்த கியருக்கு நீயே மாற்றிவிட வேண்டும். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் கீழே வரும்போது நாற்றமடிக்கும்.

பெட்ரோல் செலவு கேட்டாய். நெடுஞ்சாலையில் 90, 100இல் சீராகப் போனால் லிட்டருக்கு 16 கிலோமீட்டர் கிடைக்கிறது. டவுனுக்குள் 11. என் மருமகன் ஒரு வாரம் எடுத்துப் போனான், 9. டர்போவுக்குள் இரண்டு என்ஜின் இருக்கிறது என்று வைத்துக்கொள். எதை எழுப்புகிறாய் என்பது உன் காலைப் பொறுத்தது. அரசாங்கத்தின் பெட்ரோல் மானியத் திட்டமான பூடி95 2025இல் வந்தபோது 1.99 வெள்ளிக்கு மாதம் 300 லிட்டர் என்றார்கள். கிழவனும் கிழவியுமாக அதில் பாதியைக்கூட நாங்கள் தொடுவதில்லை.

இனி, நீ உண்மையில் கேட்க வேண்டிய விஷயம்.

இரண்டு வருடத்துக்கு முன் என் டர்போ போய்விட்டது. பினாங்கிலிருந்து வரும்போது புகைக்குழாயில் நீலப்புகை. மிதித்தால் சங்கு ஊதுகிற மாதிரி ஒரு சத்தம். கழற்றிப் பார்த்தால் தண்டு ஆடுகிறது, எண்ணெய்ப் பாதையில் கரி அடைத்திருக்கிறது. மாற்றுவதற்கு மூவாயிரத்துச் சொச்சம் வெள்ளி. யாரைக் குறை சொல்ல? நான் வழக்கமாகப் போன ஒரு ஒர்க்‌ஷாப்பில் மலிவு என்று டிரம் ஆயில் ஊற்றினார்கள். பார்த்துக்கொண்டு சும்மா நின்றது நான். பத்தாயிரம் கிலோமீட்டரில் ஆயில் மாற்ற வேண்டியதைப் பதினைந்தாயிரம்வரை இழுத்ததும் நான். நெடுஞ்சாலையில் 110இல் வந்து ஓய்விடத்தில் நிறுத்தியதுமே என்ஜினை அணைத்துவிட்டு, மூத்திரத்துக்கு ஓடியதும் நான்தான். அந்தத் தண்டு ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலத்தில்தான் மிதக்கிறது. என்ஜினை அணைத்தால் எண்ணெய் ஓட்டம் நின்றுவிடும், சூடு நிற்காது. உள்ளே தேங்கிய எண்ணெய் வெந்து கரியாகிவிடும். ஆலையில் டர்பைனை நிறுத்தினால் எண்ணெய் பம்பை உடனே அணைக்க விட்டிருப்பேனா? பையன்கள் யாராவது அணைத்திருந்தால் காதைத் திருகியிருப்பேன். என் காடிக்கு மட்டும் அந்தப் புத்தி வரவில்லை பார்.

இப்போது புத்தகத்தில் போட்டிருக்கும் தரத்தில் முழுச் செயற்கை ஆயில், மற்றவர்களுக்குப் பத்தாயிரம் கிலோமீட்டர் என்றால் எனக்கு எட்டாயிரம். டின்னை என் கண்முன்னே உடைத்து ஊற்ற வேண்டும். புதுத் தவுக்கேக்கு இது பழகிவிட்டது, நாற்காலி போட்டுத் தருகிறார். வேகமாக ஓடி வந்தால் நிறுத்திவிட்டு அரை நிமிடம், ஒரு நிமிடம் என்ஜினை ஓடவிட்டு உட்கார்ந்திருப்பேன். டவுனுக்குள் மெதுவாக வந்தால் அதுகூடத் தேவையில்லை. ஆனால் பழக்கமாகிவிட்டது. பக்கத்து வீட்டு மலாய்க்காரர் நான் இறங்குமுன் பிரார்த்தனை செய்கிறேன் என்று வெகுநாள் நினைத்திருந்தாராம்.

இன்னும் ஒன்று. என் காடியின் இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸ் நெரிசலில் ஊர்ந்தால் முட்டி முட்டிப் போகும். தீபாவளிச் சந்தைக் கூட்டத்தில் புதுசாகக் காடி பழகுகிறவன் மாதிரி ஓட்டினேன். ரப்பர் உயரம் குறைந்த பட்டை டயர் வேறு. தோட்டத்துச் செம்மண் ரோட்டுக் குழியில் இரண்டு டயர் வயிறு வீங்கிப் போயின. கோயில் திருவிழாவுக்குத் தோட்டத்துக்குள் போவதென்றால் பையனின் ஹைலக்ஸ் பிக்கப்பில் ஏறிவிடுகிறேன்.

உன் மகளுக்கு இந்தத் தொல்லைகளில் பாதி கிடையாது. அத்திவாவில் இருப்பது டி-சிவிடி என்ற தானியங்கி கியர்பாக்ஸ், நெரிசலில் முட்டாது. நிலத்திலிருந்து உயரமும் கூடுதல். கிள்ளானிலிருந்து ஷா ஆலாமுக்குத் தினமும் போகிறாள், என்ஜின் முழுசாகச் சூடேறும் தூரம்தான். அவளுக்குத் தாராளமாக வாங்கு. உனக்காக வாங்குவதாக இருந்தால் வேண்டாம் என்பேன். நீ காலையில் பசாருக்கு ஒரு மைல், மாலையில் கோயிலுக்கு அரை மைல். எண்ணெய் சூடாகுமுன்னே அணைத்துவிடுவாய். அந்த ஓட்டத்துக்கு டர்போவும் வேண்டாம், சாதாரண மைவியே உனக்கு அதிகம்.

ஒன்பது வருடக் கடன் என்று எழுதியிருந்தாய். முடிந்தால் ஏழாகக் குறைக்கச் சொல். 1960இல் நம் ஊர்க்காரர், ம.இ.கா. தலைவர் சம்பந்தன், தோட்டங்களை வாங்கும் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, நம் அப்பாக்கள் மாதாமாதம் கட்டித் தோட்டத்துக்கே பங்குக்காரர்கள் ஆனார்கள். நாம் மாதாமாதம் கட்டி முடிக்கும்போது நம் கையில் இருப்பது ஒன்பது வருடப் பழைய காடி. கிழவன் புலம்பல், விடு.

பொங்கலுக்குக் குடும்பத்தோடு வா. மகளையும் கூட்டி வா. பழைய சாலையில் ஒரு லோரி பின்னால் அவளை நிறுத்தி, எப்போது வெளியே எடுக்க வேண்டும் என்று நான் காட்டித் தருகிறேன். உனக்கும் சாவி தருவேன். ஒரே நிபந்தனை, வீடு வந்ததும் உடனே அணைக்காதே. அணைத்தால் உன் தங்கச்சி வாசலிலிருந்தே கத்துவாள். மூவாயிரம் வெள்ளி அவள் சீட்டுப் பணத்திலிருந்து போனது.

அன்புடன்,
உன் கடைசி பெஞ்சுக்காரன்