வஜ்ஜிரம் காயும் வரை

உலான்பாத்தர்,
நவம்பர் 12

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். இங்கே ராத்திரிக் குளிர் மைனஸ் 20-ஐத் தொட ஆரம்பித்துவிட்டது. மங்கோலிய வில்லில் மரம் இவ்வளவு மெல்லிசாக இருக்கிறதே, அத்தனை வளைந்தும் ஏன் முறியவில்லை என்று கேட்டிருந்தீர்கள். போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை, அதனால் எழுதுகிறேன்.

பாரமெல்லாம் மரத்தின் தலையில் இல்லை, பெரியப்பா. வில்லை இழுக்கும்போது எய்கிறவரைப் பார்த்த பக்கம் நசுங்கும், இலக்கைப் பார்த்த பக்கம் இழுபடும். நசுங்குகிற பக்கத்தில் கொம்புப் பட்டை ஒட்டுகிறார்கள். இழுபடுகிற பக்கத்தில் தசைநார். கறிக்கடையில் நரம்பு என்று ஒதுக்கிப் போடுவார்களே, அதுதான். மரம் இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும். பெரும்பாலும் பிர்ச் மரம், மூங்கில் வைப்பவர்களும் உண்டு. கொம்புக்கு எவெர், நாருக்கு ஷொர்மொஸ், வில்லுக்கு நும் என்று இங்கே பெயர். கொம்பு மலையாட்டினுடையது, இல்லாவிட்டால் எருமையினுடையது. எருமைக் கொம்பில் நீளப் பட்டை கிடைக்கும், ஒட்டுப் போட வேண்டியதில்லை.

வில்லின் இரண்டு நுனியும் வளையாது. அவை தனிக் கட்டைகள். பிடிக்கு இரண்டு பக்கமும் வளைகிற பாதியை வில்லின் கை என்பார்கள். அந்தக் கையின் முனையைக் கவைபோல வெட்டி, நுனிக் கட்டையை ஆப்பாகச் சீவி உள்ளே இறக்குகிறார்கள். பக்கவாட்டில் ஒட்டும் பரப்பு நிறைய வேண்டுமே, அதற்காக. நீங்கள் பார்த்தால் முதலில் அந்த மூட்டைத்தான் தடவுவீர்கள். நுனி நெம்புகோல் மாதிரி வேலை செய்வதால் கடைசி இழுப்பில் கை அவ்வளவு கனக்காது. அதன் அடியில் நாண் வந்து தட்ட தெவ்ஹ் என்று ஒரு சின்னக் கட்டை. பெரிய நுனியும் தெவ்ஹும், பின்னாளில் சீனாவை ஆண்ட மஞ்சு அரசர்கள் காலத்து வடிவம். செங்கிஸ் கான் காலத்து வில் இதைவிடச் சிறியது. அவருடைய தம்பி மகன் யிசுங்கே 335 ஆல்த் தூரம் எய்தார் என்று அந்தக் காலத்துக் கல்வெட்டே இருக்கிறது. இப்போது பீட்டர்ஸ்பர்க் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில். ஆல்த் என்றால் இரண்டு கையையும் விரித்த அகலம், நம் கடற்கரையில் பாகம் என்பார்களே அதுபோல.

இனி உங்கள் விஷயத்துக்கு வருகிறேன்: வஜ்ஜிரம், அதாவது ஒட்டுகிற பசை. பெவிகால் வருவதற்கு முன்னால் நீங்கள் காய்ச்சிய அதே தோல் வஜ்ஜிரம்தான் இங்கேயும். மீனின் காற்றுப்பையில் காய்ச்சுவது இன்னும் உசத்தி. காய்ந்த பிறகும் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். நேரடித் தீயில் வைக்க மாட்டார்கள், வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துத்தான். சூடு 60 டிகிரியைத் தாண்டிப் போய்க் கொதித்துவிட்டால் பிடிப்புப் போய்விடும்.

கொம்பிலும் மரத்திலும் ரம்பப்பல் மாதிரியான இரும்பால் நீளவாக்கில் வரி கீறுகிறார்கள். ஒன்றின் மேடு மற்றதன் பள்ளத்தில் உட்கார வேண்டும். முதலில் நீர்த்த வஜ்ஜிரத்தை இரண்டு பக்கமும் பலமுறை பூசி உறிஞ்ச விட்டு, பிறகுதான் கெட்டியானதைப் பூசிச் சேர்த்துக் கயிற்றால் இறுகச் சுற்றுவது. கீறின பரப்பை விரலால் தொடவே கூடாது. கையிலுள்ள எண்ணெய்ப்பிசுக்கு பட்ட இடம் அன்றைக்கு ஒட்டினதுபோல இருக்கும். வில்லை முதன்முதலில் வளைக்கும்போது அங்கேதான் கொம்பு படக்கென்று எழும்பும்.

நாரைக் கண்ணாடிபோலக் காயவைத்து, சுத்தியலால் தட்டித் தட்டிப் பிரிக்கிறார்கள். இரும்புச் சுத்தியலால் ஓங்கி அடித்தால் இழை அறுந்துவிடும். பிரிந்ததைச் சீப்பால் வாரினால் சணல் முடிபோல ஆகிவிடும். கொழுப்பு ஒட்டியிருந்தால் அந்த இழையைத் தூக்கிப் போட வேண்டியதுதான். சிறு சிறு கற்றையாக வெதுவெதுப்பான வஜ்ஜிரத்தில் முக்கி, வழித்து, செங்கல் வைப்பதுபோல ஒன்றின் முனை இன்னொன்றின் நடுவில் வருகிற மாதிரி வில்லின் நீளத்துக்கு ஒட்டுகிறார்கள். ஒரு அடுக்கு காயாமல் அடுத்தது கிடையாது. காயக் காய நார் சுருங்கி வில்லைப் பின்னோக்கி இழுக்கும். நாண் ஏற்றாத வில் எதிர்ப்பக்கம் பிறைபோல வளைந்து கிடப்பது அதனால்தான்.

அவசரப்பட்டால் எல்லாம் கெடுவது இந்த இடத்தில்தான். அடுப்புப் பக்கத்தில் வைத்துக் காய வைத்தால் மேலே தோல் கட்டிவிடும், உள்ளே ஈரம் நிற்கும், அப்புறம் நாரில் வெடிப்பு. மாதக்கணக்கில் சும்மா கிடக்க விட வேண்டும். ஒரு வருஷம் விடுகிறவர்களும் இருக்கிறார்கள், என்னைக் கேட்டால் அவர்கள் செய்வதுதான் சரி. கடைசியில் ஈரம் புகாமல் பிர்ச் பட்டையை மேலே ஒட்டுவார்கள்.

நாண் ஏற்றினதும் இரண்டு கையும் ஒரே அளவு வளைகிறதா என்று பார்த்து, விறைப்பான பக்கத்துக் கொம்பை மெல்லச் சுரண்டுவார்கள். கை முறுக்கிக்கொண்டால் இளஞ்சூட்டில் காட்டித் திருப்ப வேண்டும்; விட்டால் நாண் நுனியிலிருந்து நழுவி, வில் எதிர்ப்பக்கம் திரும்பி உடைந்துவிடும். அம்பு வைக்காமல் வெறும் நாணை இழுத்து விடுவதும் அப்படித்தான், வில்லுக்கு எமன். பேரப்பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள்.

ஜூலை 11-ல் தொடங்கும் நாடாம் என்ற தேசிய விளையாட்டுத் திருவிழாவில் ஆண்கள் 75 மீட்டரிலிருந்து எய்கிறார்கள். அங்கே கண்ணாடியிழை வைத்த வில்லும் நிறையப் பார்க்கலாம். விலை குறைவு, மழைக்குப் பயமில்லை, குறை சொல்ல முடியாது.

நம் ஊரில் செய்யலாமா என்றால், செய்யலாம்; வைத்துக் காப்பாற்றுவதுதான் பாடு. இங்கே காற்று வறண்டது, வஜ்ஜிரம் கல்லாக நிற்கும். ஐப்பசி கார்த்திகையில் நம் வீட்டுச் சுவரே வியர்க்கிறது. அந்த ஈரத்தில் நார் தளர்ந்து வில் சொத சொதவென்று ஆகிவிடும். பங்குனி, சித்திரையில் ஒட்டி, மழைக்காலம் முழுக்க மூடின பெட்டியில் ஒரு சின்ன பல்பு எரியவிட்டு வையுங்கள்.

தை மாதம் ஊருக்கு வருகிற நண்பரிடம் ஒரு சாண் பிர்ச் பட்டை கொடுத்தனுப்புகிறேன். நாரை நீங்கள் அங்கேயே கறிக்கடையில் சொல்லி வையுங்கள், மாட்டின் பின்னங்கால் நாராக. காயப்போடும்போது உயரக் கட்டுங்கள், எலி விடாது.

பெரியம்மாவைக் கேட்டதாகச் சொல்லவும்.

அன்புடன்,
உங்கள் மகன்