திரைப்படக் கழக ஆண்டறிக்கை: யில்மாஸ் குனே திரையிடல்கள்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவின் தீர்மானப்படி, இவ்வாண்டுத் திரையிடல்கள் துருக்கியில் பிறந்து பாரிஸில் மறைந்த குர்து இன இயக்குநர் யில்மாஸ் குனேயின் படங்களுக்கு ஒதுக்கப்பட்டன. 'அழகற்ற அரசன்' என்று ரசிகர்கள் கொண்டாடிய வணிகப்பட நாயகன் அவர்.

முதலில் 'உமுத்' (நம்பிக்கை, 1970) திரையிடப்பட்டது. அதானா நகரக் குதிரைவண்டிக்காரர் ஜப்பாராகக் குனேயே நடித்துள்ளார். கார் மோதிக் குதிரை சாகிறது. நியாயமோ கார்க்காரர் பக்கம் போகிறது. லாட்டரிச் சீட்டையும் பின்னர் புதையலையும் நம்பிய ஜப்பார், கண்கள் கட்டப்பட்ட நிலையில், தோண்டிய குழியருகே சுற்றிச் சுற்றி வரும் இறுதிக் காட்சி முடிந்தும் அரங்கில் ஒருவரும் எழவில்லை.

1974-இல் நீதிபதி ஒருவரைச் சுட்டுக் கொன்ற வழக்கில் குனே தண்டிக்கப்பட்டார். இதை அறிமுகக் குறிப்பில் மறைக்காமல் அச்சிட்டது சிலருக்குப் பிடிக்கவில்லை. செயற்குழுவின் முடிவு சரியே என்பது என் கருத்து.

மிக நீண்ட விவாதம் 'யோல்' (பாதை, 1982) குறித்தே நடந்தது. சிறையிலிருந்தபடி குனே எழுதிய திரைக்கதையையும் விரிவான குறிப்புகளையும் கொண்டு ஷெரீஃப் கோரென் படமாக்க, 1981-இல் தப்பி வெளிநாடு சென்ற குனே சுவிட்சர்லாந்தில் படத்தொகுப்பை முடித்தார். பிரான்சின் கான் திரைப்பட விழாவின் உயரிய விருதான தங்கப்பனையை வேறொரு படத்துடன் பகிர்ந்துகொண்ட இப்படம், துருக்கியில் 1999 வரை திரைக்கு வரவில்லை. விடுப்பில் ஊர் திரும்பும் கைதி பனிவெளியில் மனைவியை முதுகில் சுமந்து நடக்கும் காட்சியை முன்வைத்து, படம் யாருடையது என்று உறுப்பினர்கள் வாதிட்டனர். கோரெனின் பெயர் நம் சுவரொட்டியிலும் சிறிய எழுத்தில்தான் இருந்தது என்பதை ஒருவர் சுட்டிக்காட்டியது நியாயமே.

நாடு கடந்த வாழ்வில் அவர் எடுத்த ஒரே படமான 'டுவார்' (சுவர், 1983), பிரான்சின் பழைய மடாலயம் ஒன்றைத் துருக்கிச் சிறையாக மாற்றி எடுக்கப்பட்டது. முந்தைய படங்களுக்கு மூச்சாக இருந்த அனத்தோலிய (துருக்கியின் ஆசியப் பகுதி) வெட்டவெளி இதில் இல்லை. சிறுவர் கைதிகளின் துயரம் உண்மையானதே என்றாலும், தொடர்ந்து உரக்கவே பேசும் இப்படம் 'யோல்' அளவுக்கு நம்மைத் தொடவில்லை. குடியுரிமை பறிக்கப்பட்ட குனே, 1984 செப்டம்பர் 9 அன்று புற்றுநோயால் தமது 47-ஆம் வயதில் காலமானார்.

துணைத்தலைப்புள்ள நல்ல பிரதி கிடைக்காததால் 'சூரு' (மந்தை, 1978) தள்ளிவைக்கப்பட்டது. புதிய ஆண்டின் முதல் திரையிடலாக அதையே வைக்க ஒப்புதல் கோருகிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் முன்வைப்பார்.

செயலாளர்