அந்த அட்டவணைக்கு இன்னும் இரண்டு கட்டங்கள் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செவிலிய மாணவர்களுக்காக நீங்கள் வெளியிட்ட 'அடிக்கடி பயன்படும் மருந்துகள்' அட்டவணையைப் படித்தேன். மருந்தின் பெயர், எதற்குத் தருகிறோம், பக்க விளைவு என மூன்று கட்டங்கள். தேர்வுக்கு முந்தைய நாள் புரட்டிப் பார்க்க அது போதும். வார்டில் மருந்துத் தட்டைக் கையில் ஏந்தி நிற்கும் மாணவருக்குப் போதாது. கொடுப்பதற்கு முன் எதைப் பார்க்க வேண்டும், கொடுத்தபின் எதை, எவ்வளவு நேரத்துக்குள் பார்க்க வேண்டும் என்ற இரண்டு கட்டங்களையும் சேர்த்து மறுபடி வெளியிட வேண்டும் என்று கேட்கவே இக்கடிதம்.

பாராசிட்டமாலை எடுத்துக்கொள்ளுங்கள். 'கல்லீரல் பாதிப்பு' என்று எழுதியிருக்கிறீர்கள். சரிதான். ஆனால் எந்த அளவில் அது நேரும், அந்த அளவை நாம் எப்படித் தாண்டிவிடுகிறோம் என்பதுதான் மாணவருக்குத் தெரிந்தாக வேண்டும். பெரியவர்களுக்கு ஒரு வேளைக்கு 500 மி.கி. முதல் 1 கிராம் வரை. அடுத்த வேளைக்குக் குறைந்தது 4 மணி நேர இடைவெளி. 24 மணி நேரத்தில் 4 கிராமைத் தாண்டக் கூடாது. மெலிந்தவர், நாள்பட்ட குடிப்பழக்கம் உள்ளவர், ஏற்கெனவே கல்லீரல் நோய் உள்ளவர் என்றால் இந்த உச்ச வரம்பும் கீழே இறங்கும். வார்டில் இந்த வரம்பு மீறப்படுவது பெரும்பாலும் ஒரே மருந்து இரண்டு வழிகளில் உள்ளே போவதால்தான். காலையில் ட்ரிப்பில் 1 கிராம் ஏறியிருக்கும். வலிக்குத் தந்த கூட்டு மாத்திரைக்குள்ளும் பாராசிட்டமால் இருக்கும். சளிக்கென்று நோயாளி தானாகப் போட்டுக்கொண்டதிலும் இருக்கும். ஆகவே 'முன்' என்ற கட்டத்தில் வர வேண்டியது: கடைசி வேளை எப்போது, எந்த வழியில், வேறு எந்த மாத்திரையில் இது ஒளிந்திருக்கிறது.

'பின்' என்ற கட்டமும் இங்கே முக்கியம். கல்லீரல் இந்த மருந்தின் ஒரு சிறு பகுதியை நச்சாக மாற்றுகிறது. அங்குள்ள குளூட்டாதயோன் என்ற பொருள் அந்த நச்சைச் செயலிழக்கச் செய்கிறது. அளவு மிஞ்சும்போது குளூட்டாதயோன் தீர்ந்துபோய், நச்சு கல்லீரல் செல்களைத் தாக்கத் தொடங்கும். ஆனால் முதல் நாளில் குமட்டலைத் தவிர வேறு அறிகுறியே இல்லாமல் இருக்கலாம். முறிமருந்தான அசிட்டைல்சிஸ்டீன் 8 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் மிக நன்றாகப் பலன் தரும். 'எனக்கு ஒன்றுமில்லை' என்று நோயாளி சொல்வதைக் கேட்டுக் காத்திருந்தால் அந்த 8 மணி நேரம் கைநழுவிவிடும்.

குழந்தைகளிடம் தவறு வேறு வடிவில் வருகிறது. 10 கிலோ எடையுள்ள குழந்தைக்குக் கிலோவுக்கு 15 மி.கி. வீதம் 150 மி.கி. தேவை என்று வைத்துக்கொள்வோம். 5 மி.லி.யில் 120 மி.கி. உள்ள சிரப் என்றால் 6.25 மி.லி. அதே 5 மி.லி.யில் 250 மி.கி. உள்ள சிரப் என்றால் 3 மி.லி. ஒரு மி.லி.க்கு 100 மி.கி. உள்ள சொட்டு மருந்து என்றால் 1.5 மி.லி.தான். 'ஆறு மி.லி. கொடு' என்ற வாய்மொழி ஆணையைச் சொட்டு மருந்துப் புட்டியிலிருந்து நிறைவேற்றினால் 600 மி.கி. போய்விடும். நரம்பு வழி ஏற்றும் பாராசிட்டமால் ஒரு மி.லி.க்கு 10 மி.கி. என்ற செறிவில் வருகிறது. 30 மி.கி. தர வேண்டிய பச்சிளங்குழந்தைக்கு அதில் 3 மி.லி. போதும், மி.கி.யை மி.லி. என்று படித்தால் பத்து மடங்கு ஏறும். ஆணையில் மி.கி. கட்டாயம் வேண்டும், கணக்கைப் புட்டியின் லேபிளைப் பார்த்தே போட வேண்டும் என்று சொல்லித் தராத பாடத்தால் பயனில்லை.

இன்சுலினிலும் இதே கதைதான், விளைவு மட்டும் இன்னும் வேகமாக வரும். சில நாடுகளில் மி.லி.க்கு 40 யூனிட் குப்பியும் 100 யூனிட் குப்பியும் சேர்ந்தே புழக்கத்தில் உள்ளன. சிரிஞ்சும் அதற்கேற்ப இருவகை. 40-க்கான சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை இழுத்தால் அது அரை மி.லி. அதில் 100 யூனிட் இன்சுலின் இருந்தால் உள்ளே போவது 50 யூனிட். மாறாக, 100-க்கான சிரிஞ்சில் 40 யூனிட் இன்சுலினை 20 கோடு வரை எடுத்தால் 8 யூனிட்தான் சேரும். சர்க்கரை குறையவில்லையே என்று அளவைக் கூட்டுவார்கள், மறுநாள் சரியான சிரிஞ்ச் வரும்போது நோயாளி மயங்குவார். எனவே குப்பியின் எண்ணும் சிரிஞ்சின் எண்ணும் ஒன்றா என்று பார்ப்பது முதல் வேலை. சர்க்கரை அளவைப் பார்ப்பதும், சாப்பாடு வந்துவிட்டதா என்று பார்ப்பதும் அடுத்தவை. ரெகுலர் இன்சுலின் தோலுக்கடியில் போட்ட அரை மணியில் வேலையைத் தொடங்கி 2 முதல் 4 மணி நேரத்தில் உச்சம் தொடும். கலங்கலாக இருக்கும் என்.பி.எச். என்ற மெதுவான இன்சுலின் வகை அதற்கும் வெகுநேரம் கழித்தே உச்சத்துக்கு வரும். காலையில் ஊசி போட்டவர் ட்யூட்டி முடித்துப் போன பிறகு நோயாளிக்கு வியர்த்துக் கொட்டலாம். பணியை ஒப்படைக்கும்போது அந்த நேரத்தையும் சொல்லியாக வேண்டும். ரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 70 மி.கி.க்குக் கீழே இறங்கி, நினைவோடு விழுங்கக் கூடியவராக இருந்தால் 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடத்தில் மறுபரிசோதனை. நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. இதயத் துடிப்பைத் தணிக்கும் புரோப்ரனலால் போன்ற மருந்து எடுப்பவருக்குப் படபடப்பும் நடுக்கமும் தெரியாமல் போகலாம், வியர்வை மட்டும் காட்டிக்கொடுக்கும்.

பொட்டாசியம் குளோரைடை ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே என்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம். அந்த ஆம்பூலில் உள்ளதை நேரடியாக நரம்பில் செலுத்தினால் இதயம் நின்றுவிடும். இந்த வாக்கியம் அட்டவணையில் தடித்த எழுத்தில் வந்திருக்க வேண்டும். நீர்த்தாலும் ஆபத்து முழுதாக விலகுவதில்லை. தொங்கிக்கொண்டிருக்கும் பையில் மருந்தைச் செலுத்திவிட்டு அப்படியே விட்டால், அடர்த்தியான கரைசல் கீழே, குழாய் தொடங்கும் இடத்திலேயே தேங்கி, முதல் சில நிமிடங்களில் மொத்தமாக இறங்கும். குழாயை அடைத்து, பையை இறக்கி, மருந்தைச் சேர்த்து, பத்து முறையாவது தலைகீழாகப் புரட்டிக் கலக்கி, லேபிள் ஒட்டிய பிறகே மாட்ட வேண்டும். கைநரம்பில் வழக்கமான வேகம் மணிக்கு 10 மில்லி ஈக்விவலன்ட் (பொட்டாசியத்தை அளக்கும் அலகு). அதற்கு மேல் என்றால் இதயத் துடிப்பைக் கண்காணிக்கும் கருவி வேண்டும். சிறுநீர் சரியாகப் பிரிகிறதா என்று பார்க்காமல் தொடங்கவே கூடாது, ஏனெனில் பொட்டாசியம் வெளியேறும் வழி அதுதான். ஏறும்போது கை எரிகிறது என்று நோயாளி சொன்னால் நிறுத்தி ஊசி இருக்கும் இடத்தைப் பாருங்கள். பார்வைக்கு நார்மல் சலைன் போலவே தெளிவாக இருப்பதால் இதை அதே தட்டில் வைப்பதும் தவறு.

அட்டவணையின் இன்னொரு குறை, மருந்துகள் தனித்தனி வரிசையில் நிற்கின்றன. நோயாளியின் உடலில் அப்படி நிற்பதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2017-இல் மருந்துப் பாதுகாப்புக்கான இயக்கத்தைத் தொடங்கியபோது முன்னுரிமை தந்த மூன்றில் ஒன்று, ஒருவரே பல மருந்துகளை எடுத்துக்கொள்ளும் நிலை. உங்கள் அட்டவணையில் சிறுநீரைப் பெருக்கும் ஃபுரோசமைடு ஓரிடத்தில், இதய மருந்தான டிகாக்சின் வேறோரிடத்தில். இதயம் பலவீனமானவர் பலர் இரண்டையும் சேர்த்தே எடுக்கிறார்கள். ஃபுரோசமைடு சிறுநீரோடு பொட்டாசியத்தையும் வெளியேற்றும். பொட்டாசியம் குறைந்த இதயத்தில் டிகாக்சினின் பிடி இறுகும். ரத்தத்தில் அதன் அளவு சரியாக இருந்தாலும் நச்சு அறிகுறி வரும். பசியின்மை, குமட்டல், பார்வையில் மஞ்சள் சாயல் என்பவை முன்னறிவிப்புகள். எனவே டிகாக்சினுக்கு முன் மார்பில் ஸ்டெதாஸ்கோப் வைத்து முழு ஒரு நிமிடம் எண்ணுவது, 60-க்குக் கீழே என்றால் நிறுத்திவைத்து மருத்துவருக்குச் சொல்வது, கூடவே அண்மைய பொட்டாசியம் முடிவைப் பார்ப்பது. ரத்த அழுத்த மருந்தான எனாலப்ரில், ஃபுரோசமைடு இரண்டும் எடுக்கும் முதியவருக்கு முழங்கால் வலிக்கு ஐபுபுரோஃபென் சேர்த்தால் சிறுநீரகம் படுத்துவிடக் கூடும். மூன்றும் தனித்தனியே சாதாரண மருந்துகள்தான்.

வான்கோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கால் முகமும் கழுத்தும் சிவந்து அரிப்பதை 'ஒவ்வாமை' என்று போட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் அது வேகத்தால் வருவது. 1 கிராமைக் குறைந்தது 60 நிமிடத்தில் ஏற்ற வேண்டியதை 20 நிமிடத்தில் ஏற்றினால் வரும். நிறுத்தி, மருத்துவரிடம் சொல்லி, பிறகு மெதுவாகத் தொடரலாம். மூச்சுத் திணறலோ ரத்த அழுத்தம் சரிவதோ சேர்ந்தால் பேச்சே வேறு: 1 மி.லி.யில் 1 மி.கி. உள்ள அட்ரினலின், பெரியவருக்கு 0.5 மி.லி., தொடையின் வெளிப்பக்கத் தசையில், உடனே. இந்த வேறுபாடு குறிப்பேட்டிலும் முக்கியம். பெனிசிலின் வகையைச் சேர்ந்த அமாக்சிசிலினால் வயிற்றுப்போக்கு வந்ததை 'பெனிசிலின் ஒவ்வாமை' என்று எழுதிவிட்டால் அந்த நோயாளிக்கு வாழ்நாள் முழுதும் ஒரு நல்ல மருந்து மறுக்கப்படும். என்ன நடந்தது, எத்தனை நிமிடத்தில் என்று அப்படியே எழுதுவதே சரி.

மார்ஃபினுக்கு ஒரு சொல் மட்டும். மூச்சு குறைவதற்கு முன்னால் நோயாளி அசாதாரணமாகத் தூங்கி வழிவார். அதைக் கவனிக்க வேண்டும். முறிமருந்தான நலாக்சோன் கொடுத்து விழித்துவிட்டார் என்று நகர்ந்துவிடக் கூடாது, நலாக்சோன் முன்னதாகவே தீர்ந்து மார்ஃபின் மிஞ்சும்.

கடைசியாக, அச்சில் திருத்த வேண்டியவை. டிகாக்சினுக்கு '.25 மி.கி.' என்று இருக்கிறது. புள்ளி மங்கினால் 25 ஆகும், '0.25' என்று போடுங்கள். வார்ஃபரினுக்கு '5.0 மி.கி.' என்பது 50 ஆகப் படிக்கப்படலாம், '5' போதும். இன்சுலினுக்கு எண்ணை ஒட்டி ஆங்கில 'யூ' எழுத்தைப் போட்டிருப்பதைக் கையெழுத்தில் பூஜ்யமாகப் படிப்பார்கள். 'யூனிட்' என்று முழுதாக வரட்டும். தைராக்சினுக்கு '50 மை.கி.' என்று அச்சாகியுள்ளது. தமிழில் மி.கி.க்கும் மை.கி.க்கும் ஓர் உயிர்மெய்க் குறிதான் வித்தியாசம், அளவிலோ ஆயிரம் மடங்கு. அடுத்த இதழில் 'மைக்ரோகிராம்' என்றே திருத்தி வெளியிடுங்கள். பழைய பக்கத்தை வெட்டி ஒட்டிவைத்திருக்கும் மாணவர்கள் கண்ணில் படும்படி முதல் பக்கத்திலேயே.

இப்படிக்கு,
செவிலியருக்கு மருந்தியல் கற்பிக்கும் வாசகர் ஒருவர்