ஒப்பந்தம் பதிவானதா?

ஆசிரியருக்கு,

அம்பத்தூர், ஒரகடம் தொழிற்சாலைகளில் அப்ரண்டிஸாகச் சேரும் பொறியியல் பட்டதாரிகள், மத்திய அரசின் தேசிய அப்ரண்டிஸ் பயிற்சித் திட்டமான நாட்ஸின் இணையதளத்தில் தங்கள் பயிற்சி ஒப்பந்தம் பதிவானதா என்று முதல் வாரத்திலேயே பார்த்துவிட வேண்டும். பதிவில்லாவிட்டால் ஓராண்டு உழைத்தும் தரமணியிலுள்ள மத்திய அரசின் அப்ரண்டிஸ் பயிற்சி வாரியத்தின் சான்றிதழ் கிடைக்காது. வங்கிக் கணக்கில் ஆதார் இணைப்பும் அவசியம். 1961 அப்ரண்டிஸ் சட்டப்படி அப்ரண்டிஸ் தொழிலாளி அல்ல, பயிற்சியாளர். ஆனாலும் பணியில் காயம்பட்டால் இழப்பீடு உண்டு.

ஆள் பற்றாக்குறைக்காக அவர்களை மாதக்கணக்கில் ஒரே மெஷினில் நிறுத்துவதுதான் பெரிய அநியாயம். நுண்ணிய அளவெடுக்கும் மைக்ரோமீட்டரின் இரு முகங்களையும் துடைத்து, மூடிப் பார்த்து, அப்போது அது காட்டும் ஜீரோ பிழையைக் கழிக்கக்கூட யாரும் சொல்லித் தருவதில்லை. அளவு தவறி பாகம் ரிஜெக்ட் ஆனால் பழி மட்டும் அவர்கள் தலையில். உற்பத்தி, தரக்கட்டுப்பாடு, பராமரிப்பு எனப் பிரிவு மாற்றும் பயிற்சித் திட்டத்தை அப்ரண்டிஸ்கள் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். வாரிய அதிகாரிகளும் முன்னறிவிப்பின்றி ஷாப் ஃப்ளோருக்கு வந்து பார்க்க வேண்டும்.

– பயிற்சி மேற்பார்வையாளர், கிண்டி, சென்னை